மாவுக்கட்டு போட்ட படகு

படகு எங்கள் தெருவுக்கு வந்தது ஒரு மினி லாரியில், தலைகீழாக. முதலில் நான் அதைத் தண்ணீர்த் தொட்டி என்றுதான் நினைத்தேன். ஸ்ரீரங்கம் மேலூர் சாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் அதை இறக்கி வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க இது?"

"போட்டு. மோட்டார் போட்டு. ஃபைபர்."

"அது தெரியுது. நமக்கு எதுக்கு?"

அவர் குனிந்து படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

மூடிப்போன ஏதோ ஒரு ரிசார்ட்டில் ஓடின படகாம். பழைய இரும்புக் கடையில் குப்புறக் கிடந்ததை, நான் ஃப்ரிட்ஜ் மாற்றவென்று எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டார். அடியில் முழ நீளத்துக்கு வெடிப்பு. எஞ்சின் இறுகிக் கிடந்தது. உட்காரும் பலகை தொட்டால் உதிர்ந்தது. உருப்படியாக இருந்தது ஸ்டீயரிங் ஒன்றுதான். நான் திட்டின திட்டில் வாசலில் படுத்திருந்த தெருநாய் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை. அந்த ஸ்டீயரிங்தான் காரணம்.

அவர் இருபத்தாறு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். பெரும்பாலும் மணப்பாறைத் தடம். சர்க்கரை கண்ணில் வேலையைக் காட்டியது. கண் டெஸ்டில் தேறவில்லை என்று வண்டியிலிருந்து இறக்கி, டிப்போவில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் மனுஷனுக்குப் பேச்சே குறைந்துபோனது. நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். கடைத்தெருவுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார். இரண்டு வருஷம் இப்படியே போனது. அவரை இறக்கிவிட்ட அதிகாரி யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே, விளக்கேற்றும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருந்தவர் ஒரு பொருளுக்கு ஆசைப்பட்டு வாங்கி வந்திருக்கிறார். இதுவும் வீணாகப் போனால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது. பணம் போனால் போகட்டும், எனக்கு ஆள் திரும்பி வந்தால் போதும்.

காவிரியில் நம் இஷ்டத்துக்கு இறக்க விடமாட்டார்கள். மணப்பாறைப் பக்கம் என் தம்பி ஒரு ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். மழைக்கு ஏரி நிரம்பினால் அங்கே விட்டுக்கொள்ளலாம் என்றான்.

எஞ்சினை அவர் பிரித்துப் போட்டார். வெடிப்பு என் பங்குக்கு வந்தது. தில்லை நகரில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் எனக்கு மாவுக்கட்டு போடும் வேலை. பேர்தான் மாவுக்கட்டு, இப்போதெல்லாம் ஃபைபர் கட்டுதான் அதிகம். "நீ தினமும் போடுறதுதானே" என்றார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரி ஃபைபரைத் தண்ணீரில் முக்கினால்தான் இறுகும். கைப்பழக்கம் விடுமா? வெடிப்பை ஈரத்துணியால் துடைத்து, ஃபைபர் விரிப்பை பக்கெட் தண்ணீரில் முக்கிப் பிழிந்து ஒட்டி, மேலே பசையைத் தடவிவிட்டேன். பசை டப்பாவைக் கொடுத்தபோதே ஃபைபர் சாமான் கடைக்காரர் ஏதோ சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளையாக, திரிந்த பால் மாதிரி இருந்தது. நுனியைப் பிடித்து இழுத்ததும் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. அவர் சிரித்திருந்தால் திட்டியாவது இருப்பேன். நேரே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு என் மேலேயே ஆத்திரம். கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன். "இதுக்குத் தண்ணியே ஆகாதும்மா. பழசை நல்லா சுரண்டிட்டு, காய வச்சு அப்புறம் போடுங்க. இந்த வெயிலுக்குப் பசையையும் இறுக வைக்கிற மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாக் கலக்குங்க, இல்லேன்னா டப்பாவுலயே இறுகிடும்" என்றார்.

லீவு போட்டுவிட்டு, மாஸ்க்கும் கையுறையுமாக உட்கார்ந்து தேய்த்தேன். உடம்பெல்லாம் அரிப்பு. எதிர்வீட்டு மாமி கோயில் கைங்கர்யக் குடும்பம். கோலம் போட வந்தவர் நின்று பார்த்தார். "பெருமாளுக்கே வருஷத்துக்கு ஒரு தடவைதான் தெப்போத்ஸவம். உங்காத்துக்காரர் தினமும் எழுந்தருளப் போறாரா?"

"ஆமா மாமி. உங்களுக்கும் பிரசாதம் உண்டு" என்றேன்.

கட்டுப் போடும்போது விரல் நுனியால் அழுத்தக்கூடாது. அழுத்தின இடம் குழிந்து உள்ளே புண்ணாகிவிடும். உள்ளங்கையால்தான் தடவ வேண்டும். படகுக்கும் அப்படியே தடவித் தடவிக் காற்றுக் குமிழை வெளியே தள்ளினேன். வெயில் ஏறுவதற்குள் ஒரு அடுக்கு, மறுநாள் ஒரு அடுக்கு. மூன்றாம் நாள் அவரே எழுந்து வந்து பசையைக் கலக்கிக் கொடுத்தார். காய்ந்த பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"கட்டு எப்பப் பிரிப்பீங்க, சிஸ்டர்?"

இரண்டு வருஷத்தில் அவர் அடித்த முதல் ஜோக். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

எஞ்சினையும் ஓட வைத்து, உட்காரப் புதுப் பலகையும் போட்டுவிட்டார். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். தம்பி நடு ஏரியில் வலை எதுவும் இல்லாமல் எடுத்து வைத்திருந்தான். இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் கொண்டுவந்திருந்தான். எனக்கு நீச்சல் தெரியாது. ஏறி உட்கார்ந்ததிலிருந்து நான் கட்டுப் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்து மெதுவாக ஓட்டினார். நடு ஏரிக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"என்னங்க, ரிப்பேரா?"

"இல்ல. இங்க யாரும் குறுக்க வரமாட்டாங்க" என்றார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "அவங்களா என்னை இறக்கல. நானேதான் போய்ச் சொன்னேன், கண்ணு தெரியலன்னு. அப்புறந்தான் டெஸ்ட் வச்சாங்க."

ஒரு சாயங்காலம் மணப்பாறையிலிருந்து பஸ்ஸை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது, சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். பக்கத்தில் வரும்வரை அவருக்குத் தெரியவே இல்லையாம். எப்படியோ பிரேக் பிடித்துவிட்டது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ அந்த ஆபீசரைத் திட்டுறப்பல்லாம் எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு."

இரண்டு வருஷமாக இதை ஒண்டியாகச் சுமந்திருக்கிறார். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். படகு ஆடியது.

"எடுங்க வண்டிய" என்றேன்.

எடுத்தார். கரையில் தம்பி, போதும் வாங்க என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். அவருக்கு அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.