பெரிய பிடிலுக்கு ஒரு பிக்கப்

எனக்குப் பாடக் குரல் கிடையாது. சின்ன வயதில் அம்மை வார்த்தபோது தொண்டை கெட்டுப்போய்விட்டது. ஆராதனையில் நான் வாயைத் திறந்தால் முன்வரிசையில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவனுக்கும் ஆண்டவர் ஒரு வழி வைத்திருந்தார். போத்தனூர் ரயில்வே காலனியில் டான்ஸ் பேண்டு நடத்திவந்த வெள்ளைக்கார ரயில் கார்டு ஒருவர், கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்த எனக்குப் பொழுதுபோக்காகத் தம் பேஸ் பிடிலை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் சீமைக்குத் திரும்பியபோது, அதைக் கப்பலில் ஏற்ற மனமில்லாமல் எங்கள் ஆலயத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஆளுயரப் பிடில் அது. கட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். அதன் தடித்த தந்தியில் வில்லைப் போட்டு இழுத்தால் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்குள் வரும். என் துதி, ஸ்தோத்திரம் எல்லாம் அதுதான். வேறு விதமாக ஆண்டவரைப் பாட எனக்குத் தெரியாது.

அதற்குக் குறுக்கே வந்தது ஒலிபெருக்கி.

கோயம்புத்தூருக்கு மின்சாரம் வந்த சில வருஷங்களிலேயே மனிதர்களுக்கு மெதுவாகப் பேசுவது என்றால் கேவலமாகிப் போய்விட்டது. எங்கள் ஆலயக் கமிட்டிச் செயலாளர் ஒரு மில்லில் சூப்பர்வைசர். ஒரு தடவை டாக்கிப் படம் எடுக்கிற ஸ்டுடியோவின் வாசல் வரைக்கும் போய்வந்தவர். வாசல் வரைக்கும்தான். உள்ளே விடவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து சத்தம் சம்பந்தப்பட்ட சங்கதி எதுவானாலும் அவர் சொல்வதுதான் வேதவாக்கு என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கும் அன்று சாயங்காலம் மேடையில் நடக்கிற பாட்டு ஆராதனைக்கும் ஒலிபெருக்கி வைப்பதென்று கமிட்டியில் முடிவு செய்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"ஒலிபெருக்கிக் குழாயில வராத சத்தம் மேடையில எதுக்குங்க? கேக்காத வாத்தியத்துக்கு இடம் குடுத்தா, நாலு பேரு நிக்கிற எடம் வீணாப் போகுதுங்க" என்றார், என் பிடிலைப் பார்த்துக்கொண்டே.

போதகர் சாதுவான மனிதர். யார் உரக்கப் பேசினாலும் தலையை ஆட்டிவிடுவார். அன்றைக்கும் ஆட்டினார். ஆனால், "முதல்ல கேக்குதா இல்லையான்னு பாத்துப்போடலாமுங்களே" என்றும் சொன்னார். அதற்காகப் பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் ஒலிபெருக்கிச் செட்டுக்காரரை வரவழைத்தார்கள்.

செட்டுக்காரர் வாடகைக்கு விடும் தொழிலைப் புதிதாகத் தொடங்கியவர். யார் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பதை மூலதனமாக வைத்திருந்தார். பெரிய குழாயைப் பந்தல் காலில் கட்டினார். பிறகு மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். ஒன்று, வளையத்துக்குள் ஸ்பிரிங்கில் தொங்குகிற, வெள்ளி மாதிரி பளபளக்கிற மைக். அடுத்தது டெலிபோனிலிருந்து கழற்றிய வாய்க்குமிழ். மூன்றாவது, கிராமபோன் பெட்டியில் தட்டின் மேல் ஊசியை வைத்துப் பாட்டு எடுக்கிற மின்சாரத் தலை. அதற்குப் பிக்கப் என்று பெயர் சொன்னார். எலுமிச்சம்பழ அளவில் கறுப்பாக, கனமாக, ஒரு ஊசி நீட்டிக்கொண்டு இருந்தது.

செயலாளர் பளபளப்பைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டார்.

"இதுதானுங்க. ஸ்டுடியோவுல இதேதான்."

"ஆமாங்க" என்றார் செட்டுக்காரர்.

அதைப் பிடிலுக்கு முன்னால் நிறுத்தி வாசித்தேன். குழாயில் வில்லின் கரகரப்பும் என் மூச்சும் வந்தன. கூடவே வெளியில் போன கட்டைவண்டி மாட்டின் மணியும் வந்தது. பிடில் மட்டும் வரவில்லை.

"பாத்தீங்களா? சாமானத்து மேல குத்தமில்லைங்க. உங்க வாத்தியத்துல சத்தமே இல்லை" என்றார் செயலாளர், பெருத்த சந்தோஷத்தோடு.

ஆலயச் சுவரெல்லாம் அதிர அதிர வாசித்து வந்த வாத்தியத்தில் சத்தமே இல்லையாம். இப்படி ஒரு காது படைத்தவரை எந்த மில்லில் சூப்பர்வைசராக வைத்தார்களோ! பகல் பூராவும் தறிச் சத்தத்தில் நிற்கிறவர், பாவம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த இரக்கமும் போய்விட்டது.

வாய்க்குமிழை ஒரு துண்டில் சுற்றிப் பிடிலின் வயிற்றில் கட்டிப் பார்த்தோம். தண்ணீருக்குள் யாரோ குடத்தை உருட்டுகிற மாதிரி இருந்தது. செயலாளர் அதற்கும் சிரித்தார்.

கடைசியாகப் பிக்கப்பை எடுத்து, அதன் ஊசியைத் தந்திகளுக்கு அடியில் நிற்கும் மரக்குதிரை மேல் அழுத்திப் பிடித்தேன். இன்னொரு கையால் தந்தியைச் சுண்டினேன். குழாயிலிருந்து 'தும்' என்று வந்தது. கொஞ்சம் மூக்கடைத்த சத்தம்தான். என்றாலும் அது என் பிடிலின் சத்தம். பந்தலுக்கு ஓலை வேய்ந்துகொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். போதகர், "அட, கேக்குதுங்களே!" என்றார்.

செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. "பாக்கறதுக்கு உண்ணி ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்குதுங்க" என்றார்.

"ஆமாங்க" என்றார் செட்டுக்காரர்.

காதால் தேர்ந்தெடுக்க வேண்டியதைக் கண்ணால் தேர்ந்தெடுக்கிற இந்த அறிவுஜீவிகளை என்ன செய்வது? நல்லவேளையாகப் போதகர் காதால் கேட்டுவிட்டார். பிக்கப்பே முடிவாயிற்று. ஊசி வழுக்காமல் இருக்க என் மனைவி கட்டில் நாடாவில் ஒரு துண்டு தைத்துத் தருவதாகச் சொன்னாள். தோற்றுப்போன செயலாளர் சும்மா இருக்கவில்லை. எதற்கும் தம் கை ஒன்று பட வேண்டுமே! "புதுச் சாமானமுங்க. ஜெபம் பண்ணாம ஆலயத்துல உபயோகிக்கக் கூடாது. பீடத்து மேசை மேல இருக்கட்டும். காலையில ஆராதனையில ஜெபம் பண்ணிப்போட்டு எடுத்துக்கலாம்" என்றார். ஜெபம் வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது? வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியும்போதே சனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் விளைச்சலில் நல்லதைக் கொண்டுவந்து மேசைக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அத்தனையும் வெளியில் ஏலத்துக்கு வரும். பூசணிக்காய், மஞ்சள், சோளக்கதிர், கால் கட்டிய கோழி எல்லாம் மேசையைச் சுற்றிக் குவிந்தன. இடமில்லாமல் யாரோ ஒரு புண்ணியவதி கத்தரிக்காய்க் கூடையை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனாள். போதகர் ஜெபம் பண்ணினார். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுவாகப் பண்ணினார்.

ஏலம் விடுகிறவர் யார்? செயலாளரேதான். பொருளை வேறொருவர் எடுத்துக் கொடுப்பார். இவர் அதைப் பார்க்கக்கூட மாட்டார், கூட்டம் தம்மைப் பார்க்கிறதா என்றுதான் பார்ப்பார். அன்றைக்குக் கையில் மைக் வேறு கிடைத்துவிட்டது. கேட்க வேண்டுமா? ஒவ்வொரு கோழிக்கும் ஒரு பிரசங்கம்.

நான் அப்போது பிடிலைத் துடைத்துக்கொண்டு ஆலயத்துக்குள் இருந்தேன். குழாயில் கேட்டது.

"அடுத்ததுங்க, நல்ல இரும்புச் சாமானமுங்க! கனமான சாமானம்! பண்ணைக்கு ஆகும், ஊட்டுக்கும் ஆகும்! கத்தரிக்காயோட சேத்திங்க! ஒருதரம்..."

மேசையைப் பார்த்தேன், கூடையோடு பிக்கப்பையும் காணோம். எழுந்து ஓடினேன். பந்தலில் நுழைவதற்குள் மூன்றாம் தரமும் சொல்லி முடித்துவிட்டார். அப்புறம்தான் தம் கைக்குக் கீழே போகிற பொருளைப் பார்த்தார். முகம் கோணிப்போயிற்று. கூட்டமோ கை தட்டிக்கொண்டிருந்தது.

ஏலம் எடுத்தவர் பெருந்துறைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு பண்ணைக்கார அம்மா. கத்தரிக்காய்க் கூடையை இடுப்பிலும் பிக்கப்பை முந்தானை முடிச்சிலுமாக வைத்துக்கொண்டார்.

"செயலாளர் ஐயா, அது ஏலப் பொருள் இல்லைங்களே. திரும்பக் கேளுங்க" என்றேன்.

அவர் திரும்பக் கேட்டிருக்கலாம். தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம். ஆனால் போன வருஷம் என் மனைவி பாத்திரம் மூடக் கொண்டுவந்திருந்த பித்தளைத் தட்டு இதே மாதிரி ஏலத்தில் போயிற்று. அவள் அழாக்குறையாகக் கேட்டபோது, "மூணாந்தரம் சொன்னாச் சொன்னதுதான் அம்மணி, ஆண்டவருக்கு முன்னால பேச்சு மாறக் கூடாது" என்று ஊரறியச் சொன்னவர் இவர். இப்போது என் மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"கேளுங்க பாப்போம்" என்றாள் அவரைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் கேட்கவில்லை. செட்டுக்காரருக்கு அந்தச் சாமானின் விலையைத் தாமே கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "அப்பறமென்னுங்க, பிக்கப் இல்லை. நீங்க சாயங்காலம் கீழ ஒக்காந்து கேட்டுக்குங்க. உங்களுக்கும் ஓய்வுதானே." தம் வாயால் விற்றுவிட்டு எனக்கு ஓய்வு கொடுக்கிறாராம். இவரைப் போன்றவர்களையும் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே என்று அன்றைக்கு எனக்குப் பெரிய மலைப்பாக இருந்தது.

நான் நேரே அந்த அம்மாவின் வண்டியண்டை போனேன். விஷயத்தைச் சொன்னேன். தொண்டை கெட்ட கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முடிச்சைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆண்டவர் முன்னால வச்சு ஜெபம் பண்ணி எடுத்ததைத் திருப்பிக் குடுக்க மாட்டனுங்க. என்ற ஊட்டுக்காரரு மாட்டுக் கொட்டாயில ஆணி அடிக்க ஆகும்னாரு. இது என்னதானுங்க பண்ணும்?"

"பிடில்ல வச்சு அழுத்துனா அந்தக் குழாயில சத்தம் வருமுங்க."

"அழுத்தோணும், அவ்வளவுதானுங்களா? அப்ப நானே வாரன். என்ற பொருளு என்ற கையிலயே இருக்கட்டும்."

சாயங்காலம் பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் நான் பிடிலோடு நின்றேன். எனக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அந்த அம்மா உட்கார்ந்து, பசு மடியில் கை வைக்கிற பாவனையில் பிக்கப்பைக் குதிரை மேல் அழுத்திக்கொண்டார். செயலாளர் மேடைக்கு ஓடிவந்தார்.

"இதென்னுங்க அம்மணி இது? மேடைக்கு ஒரு முறை இருக்குது. எறங்குங்க."

"ஏலத்துல எடுத்தவ நானுங்க. மூணு தரம் சொல்லிக் குடுத்தது நீங்க. பிடிக்கலீன்னா நீங்க எறங்கிக்குங்க, கண்ணு."

கண்ணு என்றதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எவரிடமும் 'ஆமாங்க' என்பதைத் தவிர வேறு சொல்லி அறியாத செட்டுக்காரர் அந்த அம்மாவிடமும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு விசையைத் திருப்பினார்.

வாசித்தேன். குழாயில் என் பிடில் வந்தது. மைதானத்துக் கடைசியில் வண்டிமாடுகளோடு நிற்கிறவர்கள் வரைக்கும் போயிற்று. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வில்லைப் பிடித்த கையால் துடைக்கவும் முடியவில்லை. பிடிலோடு கூடவே அந்த அம்மாவின் கைநிறைய இருந்த கண்ணாடி வளையலும் கலகலவென்று வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கலகல.

முடிந்ததும் மனிதர்கள் என்ன பாராட்டினார்கள் என்கிறீர்கள்? "அந்தச் சலங்கை மாதிரி ஒண்ணு வந்துச்சே, அது பிரமாதமுங்க" என்றார்கள். செயலாளர் தலையை ஆட்டி, ஸ்டுடியோவில் இப்படித்தான் சேர்ப்பார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். என் காதால் கேட்டேன்.

அந்த அம்மா பிக்கப்பை மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டு வண்டி ஏறினார்.

"அடுத்த அறுப்புக்கும் வாரனுங்க. நான் வந்து பாக்கறப்ப அந்தப் பெரிய பிடிலு மேடையில இருக்கோணும். இல்லீன்னா எதுக்கு ஏலம் உட்டீங்கன்னு கேப்பன், ஆமா" என்றார், எனக்கல்ல, எனக்குப் பின்னால் நின்ற செயலாளருக்கு.

அவர் சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டினார். நான் பிடிலைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு, ஆலயத்துக்குள் மேடையில் அதற்கென்று இருந்த பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். என் மனைவி அது நிற்கிற இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டாள். செயலாளர் பார்க்கும்படியாகவே போட்டாள்.