மாப்பிள்ளை மணிக்கூடு

கட்டாரில் ஓட்டல் வேலை செய்துகொண்டிருந்த நௌஃபர், தங்கை நுஸ்ராவின் கலியாணத்துக்காக மதுரங்குளிக்கு வந்தபோது இரண்டு மணிக்கூடுகள் கொண்டுவந்தான். ஒன்று நுஸ்ராவின் மாப்பிள்ளை அஹமட்டுக்கு. மற்றது மூத்தவள் கமீலா ராத்தாவின் புருசன் லத்தீப்புக்கு.

நிக்காஹ் முடிந்ததும் பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் கையில் மணிக்கூடு கட்டிவிடுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். லத்தீப்புக்கு அது நடக்கவில்லை. மன்னாரை விட்டு வந்து அகதி முகாமில் இருந்த காலம். ஓலைக் கொட்டிலில் கலியாணம். கட்டிவிட வேண்டிய மச்சினனுக்கோ அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த மச்சினன் வளர்ந்ததும் அவனைக் கட்டாருக்கு அனுப்பியது லத்தீப்தான். மீன் விற்கப் போகும் மோட்டார் சைக்கிளை அதற்காக விற்றுவிட்டு, பிறகு சைக்கிளில் பெட்டி கட்டி மிதித்தார்.

அதனால் இரண்டு மச்சான்மாருக்கும் ஒரே மணிக்கூடு கட்ட வேண்டும் என்பது நௌஃபரின் ஆசை. நல்ல ஆசைதான். காசு ஒன்றுக்குத்தான் போதுமாயிருந்தது.

உடம்பும் பட்டியும் ஒரே வார்ப்பாக இறங்கும் புதுமோஸ்தர் சாமான். ஒன்று சுவிஸ். மற்றது அதே நீல முகம், அதே எண்கோணம், பத்தில் ஒரு பங்கு விலை. எட்ட நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கையில் எடுத்தால் சுவிஸ்காரனின் பட்டி துணிபோல வளைந்து படுக்கும். மற்றதன் கண்ணிகள் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோது, குலுக்கினால் கலகலக்கும். நௌஃபர் கைக்கு ஒன்றாகக் கட்டிப் பார்த்தான். அஹமட் வங்கி உத்தியோகத்தர், தரம் தெரிந்துவிடும். லத்தீப் மச்சானுக்கு என்ன விளங்கப்போகிறது? அப்படி நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே காசைக் கொடுத்தான்.

அஹமட்டின் உம்மா கையளவுக்கு நூல் அனுப்பியிருந்தார். கடைக்காரன் அதன்படி சுவிஸ் பட்டியில் கண்ணிகளைக் கழற்றினான். லத்தீப்பின் கையை யாரும் அளக்கவில்லை.

“ரெண்டும் ஒண்டுதான் மச்சான்,” என்று ஊருக்கு வந்ததும் எல்லோர் முன்னாலும் லத்தீப்புக்குக் கட்டிவிட்டான். மெலிந்த கையில் அது முழங்கைவரை ஓடியது. லத்தீப் அதைப் பொருட்படுத்தவில்லை. “புது மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரே சாமான்,” என்று தெரு முழுக்கக் காட்டினார். நௌஃபர் அந்தப் பக்கம் போகாமல் ஒதுங்கினான். உண்மை தெரிந்தால் மனுசன் என்ன நினைப்பார்?

கலியாணத்தன்று சபை பார்த்திருக்க அஹமட்டின் கையில் சுவிஸ் மணிக்கூட்டைச் சுற்றினான். பூட்டு எட்டவில்லை. அளந்தவர் நூலை இறுக்கிவிட்டார். கழற்றிய கண்ணிகள் கட்டாரில் கிடந்தன. வேறு மணிக்கூடென்றால் சிலாபம் கடைத்தெருவில் ஒரு பட்டி வாங்கி மாட்டலாம். இதற்கு வேறு பட்டி பொருந்தாது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

லத்தீப் தன்னுடையதைக் கழற்றி நீட்டினார்.

“ரெண்டும் ஒண்டுதானே. என்டதக் கட்டு.”

நௌஃபரின் வாயை அவன் பொய்யே அடைத்துவிட்டது. கட்டினான். கனகச்சிதமாகப் பூட்டியது. வங்கி உத்தியோகத்தர் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்ந்தாரே தவிர ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. சுவிஸ் மணிக்கூடு லத்தீப்பின் கைக்குப் போனது. அவருக்கே அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் லத்தீப் அவனைத் தனியே பிடித்தார்.

“இதுட செக்கன் ஊசி துள்ளாம ஓடுது மச்சான், மற்றது துள்ளும். இது வேற சாமான்.”

நௌஃபர் கழுவிய கையையே மறுபடி கழுவினான்.

“கண்ணி வந்த பிறகு இத அவருக்கே கட்டு. எனக்கு வாங்கினத எனக்குத் தா.” குரலில் கோபம் இல்லை. கழற்றி நீட்டினார்.

“இல்ல மச்சான், நீங்களே வெச்சுக்கங்க,” என்றான் நௌஃபர். சொல்லி முடிக்குமுன்னே அவன் கை நீண்டு அதை வாங்கிவிட்டது.