உறுதி சரி... மண் சரியா?

“வீடு கட்டலாம்னு நாங்க எங்கயாவது எழுதிக் குடுத்திருக்கோமா?”

இரண்டு மாதத்துக்கு முன் பண்டாரவளையில், காணி விற்கும் ஓர் அலுவலகத்தில், கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த மேனேஜர் கேட்ட கேள்வி இது. கேட்டது என்னையல்ல. என் பக்கத்தில் நின்ற சரோஜாவை.

பதில் எனக்குத்தான் முதலில் வந்தது – ஆனால் அச்சில் போட முடியாத வார்த்தையாக வந்ததால் விழுங்கிக்கொண்டேன். விழுங்கியது இன்னும் செரிக்கவில்லை. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

சரோஜா பூனாகலைப் பக்கத் தோட்டம் ஒன்றில், கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். கணவர் கணேசன் வெலிமடையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறார். பெண் பிள்ளைகள் இருவரும் என் வகுப்பில் படித்தவர்கள். அந்தப் பழக்கத்தில் எதற்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பாள்.

அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நேர் மேலே மலை. பெருமழை பிடித்தால் எச்சரிக்கை வரும். பாயையும் பிள்ளைகளின் புத்தகப் பைகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓட வேண்டும். வருடா வருடம் இதே ஓட்டம்.

“மழை பேஞ்சா பயப்படாம படுக்க ஒரு வீடு டீச்சர். வேற ஒண்ணும் வேணாம்” என்பாள்.

போன ஆகஸ்டில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஹல்துமுல்லைக்குப் போகும் ரோட்டுக்கு மேலே, பத்துப் பத்துப் பேர்ச்சாக, ஒரு வீட்டு அளவுக் காணித் துண்டுகள். போய்ப் பார்த்தோம். நல்ல வெயில். மண் வெட்டும் பெக்கோ மெஷினால் படிக்கட்டுப் போல வெட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். சிவப்பு மண், வெள்ளை எல்லைக் கல், கீழே பள்ளத்தாக்கு... சரோஜா அங்கேயே நின்று அடுப்படி எந்தப் பக்கம் என்று கையால் காட்டினாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று லிஸ்ட் எழுதிக் கொடுத்ததே நான்தான். காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் உறுதியைக் காட்டினாள். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேட வைத்தாள். அடமானம் இல்லை, வழக்கு இல்லை, அரசாங்கம் பர்மிட்டில் கொடுத்த காணியும் இல்லை. சர்வே பிளானில் பாதை இருந்தது, தரையிலும் இருந்தது. எல்லாம் சுத்தம்! நானும் பெருமையாகத் தலையாட்டினேன்; காசைக் கட்டி ஒரு துண்டை வாங்கிவிட்டாள்.

காணி யாருக்குச் சொந்தம் என்பதைத்தான் அந்தக் காகிதமெல்லாம் சொன்னது. காணி அங்கேயே நிற்குமா என்பதை எது சொன்னது? என் லிஸ்டில் அந்த வரி இல்லை.

நவம்பரில் அத்திவாரம் போடலாம் என்று, சீமெந்துக்கு ஓடர் கொடுக்க கணேசனோடு டவுனில் ரபீக் நானாவின் கடைக்குப் போனாள்.

“சாமான் எங்க இறக்கணும் தங்கச்சி?” என்று கேட்டார் அவர்.

இடத்தைச் சொன்னாள். நானா பில் புத்தகத்தை மூடிவிட்டார்.

“அந்த எடத்துல ஒரு ஓடை இருந்திச்சே... அது எங்க?”

“ஓடையா? நாங்க பாக்கலயே நானா.”

“அப்ப மண்ணப் போட்டு மூடிட்டானுங்க! தங்கச்சி, நான் சீமெந்து விக்கிறவன். விக்க மாட்டேன்னு சொல்ல எனக்கு ஆசையா? மொதல்ல மண்சரிவு ரிப்போட் எடுங்க. கட்டலாம்னு வந்திச்சுன்னா நானே கொண்டாந்து இறக்கித் தாறேன்.”

கடையிலிருந்து நேராகக் காணிக்கு ஓடினார்கள். மூன்று நாள் மழை பெய்திருந்தது. கணேசன் நடுவில் கால் வைத்தார் – கணுக்கால் வரை இறங்கியது. மேட்டின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. எல்லைக் கல் ஒன்று சாய்ந்தே போயிருந்தது.

பிறகு மண்சரிவு ஆபத்தைப் பரிசோதிக்கும் அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள். வீடு கட்ட உகந்த இடமல்ல.

அந்த ரிப்போர்ட்டோடு காணி விற்ற அலுவலகத்துக்குப் போனபோதுதான் மேனேஜரின் அந்தக் கேள்வி. சரோஜா ரிப்போர்ட்டைக் கண்ணாடி மேசையில் வைத்தாள்.

“ஓடைய மூடினப்ப உங்களுக்குத் தண்ணி தெரியலயா சார்?”

“அதெல்லாம் டெக்னிக்கல் விசயம்மா. வாங்குறவங்கதான் பாத்து வாங்கணும்.”

கேட்டீர்களா? மண்ணைப் போட்டு மறைப்பது அவர்கள் வேலையாம். தோண்டிக் கண்டுபிடிப்பது நம் வேலையாம்! மண்சரிவுக்குப் பயந்து ஓடி வந்த குடும்பத்துக்கு இன்னொரு மண்சரிவை விற்க இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும் என்றார் நொத்தாரிஸ். கணேசன் மனம் விட்டுப்போய் உட்கார்ந்துவிட்டார். சரோஜா உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அலுவலகம் வேன் வைத்து ஆட்களைக் கூட்டிவரும். அடுத்து வந்த ஞாயிறு, தூறலில் குடை பிடித்துக்கொண்டு சரோஜா தன் காணியில் நின்றாள். துணைக்கு நானும் நின்றேன். வேனிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள்.

“அண்ணே, அக்கா... இங்க வாங்க. இது என் காணி. செருப்பக் கழட்டிட்டு இதுல நின்னு பாருங்க” என்றாள்.

ஒருவர் நின்றார். சேறு காலைப் பிடித்துக்கொண்டது. ரிப்போர்ட்டின் கொப்பியை அவர் கையில் கொடுத்தாள். அவர் சத்தமாக வாசித்தார்.

கூட்டிவந்த ஆள் கத்தினார்: “பொலிசுக்குச் சொல்லுவேன்!”

“சொல்லுங்க. அவங்களும் வந்து நின்னு பாக்கட்டும்.”

வேன் வந்த கூட்டத்தோடு அப்படியே திரும்பியது. அடுத்த ஞாயிறும் நின்றாள். அதற்கடுத்த ஞாயிறும். நான்காவது வாரம் மேனேஜரிடமிருந்து ஃபோன் – காணியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களாம். கொடுத்த காசு திரும்ப வந்தது. மன்னிப்பு வரவில்லை.

காணி தேடுகிறீர்களா? உறுதியைப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். ஆனால் மழை மாதத்தில் ஒருமுறை போய் நில்லுங்கள். மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, சுவர்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு அங்கே என்ன இருந்தது என்று பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். மண்சரிவு ரிப்போர்ட் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இவ்வளவையும் நாமே செய்ய வேண்டியிருப்பது அநியாயம்தான். ஆனாலும் செய்யுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். சரோஜா திருப்பிக் கொடுத்த அதே துண்டில் புதுப் பலகை: ‘விற்பனைக்கு. வீடு கட்ட உகந்தது.’

இறங்கியதும் சரோஜாவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். அவள் கேட்டாள்: “டீச்சர், நீங்க இத எழுதி பேப்பர்ல வந்தா, அத வெட்டி அந்தப் பலகை மேல ஒட்டிறவா?”

ஒட்டு சரோஜா. பசை என் செலவு!