தனஞ்சயன் சொன்னால் சரி

லிங்கநகரில் தனஞ்சயன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. கார் வாங்குவோம் என்று கட்டியது. கார் வரவேயில்லை, பைக்குகள்தான் வந்தன. ஞாயிறு பின்னேரம் என்றால் பைக் பைத்தியங்கள் மூன்று நான்கு பேர் அங்கே குந்திவிடுவார்கள். ஒருவன் பைக்கை மற்றவன் கழற்றுவான், பூட்டுவான். சொந்தக்காரன் மட்டும் ஸ்பனரைத் தொடக்கூடாது. தன்னுடையது என்றால் கை அவசரப்படும் என்பது அவர்கள் சட்டம். எல்லாம் பூட்டி முடிந்ததும் முதல் ஓட்டம் தனஞ்சயனுக்கு. அவர் பைக்கை ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு, அதற்கு மேல் கதையில்லை.

அந்த முதல் ஓட்டத்தை லேசாக நினைக்கக் கூடாது. தனஞ்சயன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் ஆலையில் மெசின் பார்க்கிறவர். அங்கே அவருடைய பேச்சை மெசின்கூடக் கேட்காது. வீட்டில் மனைவி சுலோஜனா வைத்ததுதான் சட்டம். மனுசன் வாய் திறந்தால் நாலுபேர் வாய் மூடுகிற இடம் இந்த உலகத்தில் அந்தக் கொட்டில் ஒன்றுதான். அது போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

கிண்ணியாவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் முனீப் போன வருசம்தான் இவர்களோடு சேர்ந்தான். பைக்கின் முன் சொக்கில், அதுதான் பள்ளத்தில் குலுக்கலைத் தாங்குகிற குழாயில், ஓயில் ஒழுகுகிறது என்று வந்தவன் அப்படியே ஒட்டிக்கொண்டான். நல்ல பிள்ளை. அதுதான் தனஞ்சயனுக்குக் கரைச்சல். கெட்டவன் என்றால் நாலு பேச்சுப் பேசி மனதை ஆற்றலாம், நல்லவனை என்ன செய்வது? அவன் சிரித்தால் எல்லோரும் சிரித்தார்கள். அவன் வந்தால் மட்டும் சுலோஜனா ஊற்றுகிற பால் விடாத பிளேன்ரீயில் இஞ்சி விழுந்தது. “உங்களுக்கும் போட்டனான்தானே” என்பாள் அவள். தனஞ்சயன் நக்கிப் பார்த்துவிட்டு இல்லை என்பார்.

ஒரு ஞாயிறு முனீப் ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே பின் சில்லுக்குப் போடுகிற ஒரு சோடி சொக், பக்கத்தில் காஸ் டப்பா வைத்தது, பொன் நிறம். அந்தச் சாமானின் படத்தைத் தனஞ்சயன் வருசக்கணக்காகப் போனில் பார்த்துப் பார்த்து விரலால் தேய்த்து வைத்திருந்தார். அது இப்போது இன்னொருவன் மடியில் இருந்தது.

“மச்சான் கட்டாரில இருந்து கொண்டுவந்தவர், அண்ணன்,” என்றான் முனீப். “என்ட மனுசி ரபீக்காவுக்கு முதுகெலும்பில தட்டு விலகினது தெரியும்தானே. வைத்தியத்துக்குக் கிண்ணியாவில இருந்து இஞ்ச ஏத்திக்கொண்டு வாறன், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அழுறா. அதுக்குத்தான்.”

“ஓம், ஓம், போடுவம்,” என்றார் தனஞ்சயன். வயிறு பற்றி எரிந்தது.

கொட்டிலின் மற்ற இரண்டு பைத்தியங்கள், கிருஷாந்தும் ஹஸ்மியும், வேலையில் இறங்கினார்கள். முனீப் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பூட்டியதும் அவனை ஏற்றி, ரபீக்காவின் இடத்தில் ஹஸ்மியை உட்கார வைத்தார்கள். ஹஸ்மி வெட்கப்பட்ட புதுப்பெண்ணைப் போல் ஒருபக்கம் கால் போட்டு இருக்க, கொட்டிலே சிரித்தது. இரண்டு பேர் பாரத்தில் பின்பக்கம் எவ்வளவு பதிகிறது என்று கிருஷாந்த் நாடா பிடித்து அளந்தான். ஸ்பிரிங்கை இறுக்கி மறுபடி அளந்தான். அளவு அச்சொட்டாக வந்தது.

பைக்கை ஸ்டார்ட் செய்கிற திறப்பு தனஞ்சயனின் கைக்கு வந்தது. கடற்கரைப் பக்கம் போகிற உடைந்த ரோட்டில் விட்டார். பள்ளம் இருக்கிற இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதல் பள்ளம் வந்தது, போனது, உடம்புக்குத் தெரியவில்லை. சந்தேகப்பட்டுத் திருப்பிக்கொண்டு வந்து, வேண்டுமென்றே அதே பள்ளத்தில் இறக்கினார். ஒன்றுமில்லை! “அட, என்ன சாமானடா இது!” என்று தனியே சத்தம் போட்டார். சந்தோசம் ஒரு நிமிடம்தான். இது அவனுடையது, நான் போய்த் திறப்பைக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் முகம் கறுத்துப்போனது.

“எப்பிடி அண்ணன்?” முனீப் வாசலுக்கே ஓடிவந்தான்.

தனஞ்சயன் ஆறுதலாக இறங்கி, தேத்தண்ணி ஒரு மிடறு குடித்தார். “கல்லு மாதிரிக் கிடக்கு. பின்னால இருக்கிற ஆளுக்கு இருக்கிற முதுகும் போயிடும். நல்லா இளக்கி விடுங்கோ.”

“நாடா சரியாத்தானே காட்டுது?” என்றான் கிருஷாந்த்.

“நாடாவோ ஓடினது? நான்தானே ஓடினனான்!”

“விடு கிருஷாந்த். அண்ணன் சொன்னாச் சரி,” என்றான் முனீப். பாரம் ஏறினால் பின்பக்கம் அரைவாசி பதிகிற அளவுக்கு ஸ்பிரிங்கை இளக்கினார்கள்.

அந்தக் கிழமை முழுக்கத் தனஞ்சயனுக்குச் சோறு இறங்கவில்லை. கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம் என்று போனை எடுத்தார். அதில் முனீப் போட்டிருந்த படம் கிடந்தது. பொன் நிறச் சொக், அதன் கீழே ஊரெல்லாம் வாழ்த்து. போனை மூடிக் கட்டிலில் எறிந்தார்.

அடுத்த ஞாயிறு முனீப் பைக்கில் பழைய சொக்கைப் பூட்டுவித்துக்கொண்டு வந்தான். புதியது ஒரு பையில் இருந்தது.

“கிண்ணியாப் பாலத்தில ஏறேக்க பின்னால டங்கெண்டு இடிச்சுது அண்ணன். ரபீக்கா கத்தின கத்தல்! பிறகு ஏற மாட்டன் எண்டிட்டா. கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாலம் முழுக்க வெயிலில நடந்தவ.” அவன் பையை நீட்டினான். “இறுக்கினாக் கல்லு, இளக்கினா இடி. எங்களுக்கு ஒத்துவராத சாமான். உங்கட பைக்குக்குப் போடுங்கோ, நீங்களெண்டாச் சரிப்படுத்துவீங்கள்.”

தனஞ்சயன் வாங்கினார். பொய் சொல்வானேன், அந்த நேரத்திலும் அவருடைய கண் தன் பைக்கின் பின்பக்கம் போய் வந்தது. நாலு ஆணி கழற்றிப் பூட்டினால், வேலை முடிந்தது!

குசினிக்குள் இருந்து சுலோஜனா கேட்டாள்: “முனீப் தம்பி, ரபீக்காவுக்கு இப்ப எப்பிடி?”

“படுக்கைதான் அக்கா. எழும்ப ஏலாம இருக்கிறா.”

தனஞ்சயன் பையைக் கீழே வைத்தார். “நான் பொய் சொன்னனான்,” என்றார்.

ஒருவருக்கும் விளங்கவில்லை.

“சொக் கல்லு மாதிரி இல்லை. இப்பிடி ஒண்டில நான் சீவியத்தில ஓடினதில்லை. நாடா சரி. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கேலாமக் கிடந்தது, அதுதான் அப்பிடிச் சொன்னனான்.”

முனீப் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். “அவ அந்தப் பாலத்தில நடந்தவ, அண்ணன்,” என்றான். ஏசியிருந்தால் தனஞ்சயனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கிருஷாந்த் பையைப் பிரித்தான். மறுபடி பூட்டினார்கள், இரண்டு பேரை ஏற்றி அளந்தார்கள், பழைய அளவுக்கு இறுக்கினார்கள். வேலை முடிந்ததும் கிருஷாந்தின் கை பழக்கத்தில் தனஞ்சயன் பக்கம் திறப்போடு வந்தது. பாதியில் நின்றது. பிறகு ஹஸ்மியிடம் போனது.

ஹஸ்மி போன சத்தம் ரோட்டில் தேய்ந்து மறையும் வரைக்கும் தனஞ்சயன் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேற்றுவரைக்கும் முனீப்பைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது ஹஸ்மியை நினைத்து எரிந்தது. என்ன மனுசனப்பா!

ஹஸ்மி திரும்பி வந்து இறங்கினான்.

“சரியா?” என்று முனீப் அவனிடம் கேட்டான்.

“சரி,” என்றான் ஹஸ்மி. தனஞ்சயன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.