செல்லியம்மாள் பாடிய கேசட்

காவலூர் பஸ் நிறுத்தத்தில் அர்ச்சுனன் வைத்திருந்தது கையகலக் கடை. ஒரு டேப் ரிக்கார்டர் பாடும். இன்னொன்று அதை வெற்றுக் கேசட்டில் பிடித்துக்கொள்ளும். சினிமாப் பாட்டும் பதிந்து கொடுத்தார். அன்றைக்கு யார்தான் செய்யவில்லை? ஆனால் புளி விற்க இறங்கிவந்த மலை ஜனங்கள் கேட்டதெல்லாம் அவர் மனைவி செல்லியம்மாளின் பாட்டைத்தான்.

முதல் பெண் குழந்தை காய்ச்சலில் போனபோது, சாமைக் கொல்லையில் களையெடுத்தபடியே அவள் கட்டிய பாட்டு அது. அர்ச்சுனன் ஒருநாள் வீட்டிலேயே அதைப் பதிந்தார். பாடி முடித்ததும், "போதுமா? அடுப்புல கூழு கெடக்குது" என்று அவள் சொன்னதும் அதில் விழுந்துவிட்டது.

கேள்விப்பட்டு, கேசட் கம்பெனி ஆள் சிங்காரம் ஜீப்பில் வந்தார். அவளைப் பாடவைத்துப் பதிந்துகொண்டார். மெஷினை நிறுத்தாமலே கேட்டார்: "இது யார் கட்டின பாட்டும்மா?"

அவர்கள் ஊரில் பாட்டை என்னுடையது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் தொண்டை அடைத்துப்போகும் என்று பயம். "நான் யாருங்க கட்டறதுக்கு? சாமி குடுத்தது. பாடறவங்களுக்குச் சொந்தம்" என்றாள். அர்ச்சுனனும் தலையாட்டினார். சிங்காரத்துக்கு அவ்வளவு போதும்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் உயிர் போயிற்று. டாக்டர் ஏறிவராத மலை. எண்பத்தைந்தில் சட்டம் மட்டும் ஏறிவந்தது: அடுத்தவருக்கு உரிமையான பாட்டைப் பதிந்து விற்றால் குற்றம்.

கம்பெனி அதற்குள் ஒரு பட்டணத்துப் பாடகியை வைத்து, தபேலா சேர்த்து, அந்தப் பாட்டைக் கேசட்டாகப் போட்டிருந்தது. உரிமையெல்லாம் கம்பெனிக்கே. கீழே கண்ணமங்கலத்தில் நன்றாக ஓடிய சரக்கு மலையில் போணியாகவில்லை. இங்கே ஜனங்கள் செல்லியம்மாளைத்தான் கேட்டார்கள். பொறுக்குமா கம்பெனிக்கு? புகார் கொடுத்தது.

போலீசோடு சிங்காரமும் வந்தார். கடையில் இருந்ததைச் சாக்கில் அள்ளினார்கள். முதன்முதலில் பதிந்த கேசட் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. அர்ச்சுனனே அதை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"இத்தக் கேளுங்க சார். எம் பொண்டாட்டி கட்டுன பாட்டு. கடைசில பேசுவா பாருங்க."

கேட்டால் நியாயம் விளங்கிவிடும் என்று நம்பினார், அப்பாவி மனுஷன்.

"அந்தம்மாவே தன்னுது இல்லைன்னு சொன்ன டேப் எங்ககிட்ட இருக்குது சார்" என்றார் சிங்காரம். அந்தக் கேசட்டும் சாக்குக்குள் போயிற்று.

சேதி பரவியதும், வாங்கிப்போனவர்கள் பயந்துபோய்த் தங்கள் கேசட்டுகளை அடுப்பில் போட்டார்கள். தப்பை ஒப்புக்கொண்டால் கேசட் திரும்பக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அர்ச்சுனன் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். பிடித்ததையெல்லாம் கொளுத்தச் சொல்லி உத்தரவாயிற்று. கம்பெனியில் இருந்த டேப்பையாவது ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறேன் என்று வாசலில் போய் நின்றார். காவல்காரன் உள்ளே விடவில்லை.

கடையை மூடிவிட்டு மலைக்கே திரும்பினார். பஸ்ஸிலும் டீக்கடையிலும் அந்தப் பட்டணத்துக்காரிதான் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாமைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து தேம்பினார். பக்கத்துக் கொல்லை கெங்கம்மாள் ஓடிவந்தாள்.

"இன்னா அர்ச்சுனா, இன்னா ஆச்சு?"

"மனசுக்குள்ள பாடிப் பாத்தேங்கா. அந்த டவுன்காரி கொரலுதான் வருது. எஞ் செல்லி வர்ல."