வடக்குச் சுவரின் மீன்

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கோடை. லண்டனில் குரோய்டனுக்குத் தெற்கே ஒரு பழைய தேவாலயத்துக்கு உள்சுவர் வெள்ளையடிக்க நாங்கள் இருவர் போனோம். மற்றவரும் நம்மவர்தான், பிரான்சிலிருந்து வந்தவர், என்னைவிட எட்டு வயது இளையவர். அவரை வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான்.

வெளியே சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர். கோபுரம் பிந்தியது, உட்கூடம் அதற்கு இருநூறு வருடம் முந்தியது என்று அங்கே குருவாக இருந்த பெண்மணி முதல்நாளே சொன்னார்.

வடக்குச் சுவரைச் சுரண்டும்போது சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. ஈரக்கறை என்று நினைத்தேன். இளையவரிடம் காட்டி, அடைத்துப் பூசச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் சாரப் பலகையில் அசையாமல் நின்றார்.

“அண்ணை, இது ஈரமில்லை. ஆரோ கீறின மீன்.”

வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கவேண்டும், பூசும் என்றேன். அவர் இறங்கிப்போய்க் குருவை அழைத்து வந்தார்.

வேலை நின்றது. பழைய சுவரோவியங்களைச் சீர்செய்யும் ஒரு பெண் வந்தாள். சில வாரங்களில், குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் பெரிய புனிதர் ஒருவர் வெளியே வந்தார். காலைச் சுற்றி மீன்கள். சிலைகளும் படங்களும் கூடாதென்று ஒரு காலத்தில் சுண்ணாம்பால் மூடிவிட்டார்களாம்.

உள்ளூர்ப் பத்திரிகையில், கண்டுபிடித்தவர் என்று இளையவரின் படம் வந்தது. குரு அவரைத் தினமும் தேநீருக்கு அழைத்தார். நீங்களும் அங்கேதானே நின்றீர்கள் என்று மனைவி கேட்டாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவருக்கு முன்பே அதே கோட்டைப் பார்த்த கண்கள் என்னுடையவை.

ஓவியத்தைத் திறந்துவைத்த நாளில், அந்த இடத்தைக் காட்டியவர் இவர்தான் என்று அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி என்னைச் சுட்டிக்காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். வெளியே வந்ததும் கேட்டேன்.

“ஏன் பொய் சொன்னீர்?”

“நீங்கள் காட்டின இடந்தானே அண்ணை.”

“பூசச் சொல்லித்தான் காட்டினனான்.”

“அது அவைக்குத் தெரியத் தேவையில்லை.”

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன். அடுத்த வாரமே முதலாளியிடம் கேட்டு வேறு வேலைத்தளத்துக்கு மாறினேன்.

பிறகு ஓவியத்தைச் சீர்செய்த அந்தப் பெண்ணோடு சேர்ந்து அவர் ஊர் ஊராகப் பழைய தேவாலயங்களில் வேலை செய்தார். கலியாண வீடுகளில் கண்டால் ஓடிவந்து பேசுவார். இப்போது எந்தச் சுவரில் நிற்கிறார் என்று மட்டும் நான் கேட்பதில்லை.