ஜன்னல் திறந்திருந்த மூன்று நாள்

என் அம்மா பாத்துவைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. வரட்டும். கோபத்தை ஒளித்து வைத்துக்கொண்டு எழுதினால் அது அம்மாவாகவும் இருக்காது, நானாகவும் இருக்காது.

கொல்லங்கோட்டில் பள்ளிவாசலுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. வீடு என்றால் முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, ஒரு சமையல் சாய்ப்பு. முன் அறைதான் அத்தாவின் கடை. என் அத்தா சைனுதீன் ராவுத்தர் பழைய மரச்சாமான் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். அப்போது பாலக்காட்டுப் பக்கம் தறவாடு என்கிற பெரிய கூட்டுக்குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பாகம் பிரிந்துகொண்டிருந்தன. பங்காளிகள் கோர்ட்டு வாசலில் நிற்க, பாட்டன் காலத்துக் கட்டிலும் மேஜையும் மாட்டுக்கொட்டிலில் கிடக்கும். அத்தா அங்கே போய், காரியஸ்தனோடு வெற்றிலை போட்டு, பேசிப் பேசியே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். பேச்சில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது.

மற்றதெல்லாம் அம்மாதான். பின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு செய்வாள். பழைய வார்னிஷைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவாள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். வண்டு துளைத்த ஓட்டைகளை மெழுகும் மரத்தூளும் வைத்து அடைப்பாள். கடைசியில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து அதில் முக்கி, வட்டம் வட்டமாகத் தேய்த்து பாலீஷ் ஏற்றுவாள். ஒரு மேஜைக்கு முப்பது பூச்சாவது ஆகும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணமான புதிதில் மத்தியாஸ் என்று ஒரு பாலீஷ்காரர் கூலிக்கு வருவார். அவர் செய்வதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர் திருச்சூர் போய்விட்ட பிறகு, "நான் பண்ணிப் பாக்கட்டுங்களா?" என்று அத்தாவிடம் வாயைக் கொடுத்தாள். அதோடு மாட்டிக்கொண்டாள்.

ஊருக்கு இது தெரியாது. வெளியே 'ராவுத்தர் கை' என்றுதான் பேர். அத்தாவின் கை வெள்ளைவெளேரென்று இருக்கும். அம்மாவின் விரல்களில் நகத்தடி வரைக்கும் பழுப்பு ஏறியிருக்கும், எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆம்பிளைகள் வந்துபோகும் கடை என்பதால் அம்மா முன் அறைக்குக்கூட வரமாட்டாள். அவள் கையை யார் பார்க்கப் போகிறார்கள்?

நாங்கள் மூன்று பிள்ளைகள். அப்போது எனக்கு ஆறு வயது, தங்கை ஆமினாவுக்கு மூன்று, தம்பி மம்மதுக்கு ஒன்றரை. நாங்களும் அந்தப் பின் அறையில்தான். ஸ்பிரிட் பாட்டிலுக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் நடுவே தவழ்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி வேலை பார்ப்பது? அம்மா ஒரு மேஜையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுவாள். நாலு காலையும் சுற்றிப் பழைய சேலையை இறுக்கிக் கட்டுவாள். மம்மது அதற்குள் நின்றுகொண்டு, மோவாயைச் சேலைமேல் வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த மேஜை விலைபோனால் வேறு மேஜை. எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் நிலைத்ததில்லை. ஒரு கட்டிலில் நாலு நாள் படுத்துப் பழகினால் ஐந்தாம் நாள் அது நெம்மாறையில் யார் வீட்டிலோ இருக்கும். வீடு நிறைய மரம், எங்களுக்குப் பாய்.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதை யாரும் திறப்பதில்லை. கொல்லங்கோடு அப்போது மதராஸ் ராஜ்யம், மதுவிலக்கு. ஸ்பிரிட் வைத்துக்கொள்ள லைசென்சு வேண்டும், அத்தாவிடம் கிடையாது. பக்கத்துச் சித்தூர் தாலூகா திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம், அங்கே கள்ளுக்கடையே திறந்திருக்கும். அங்கிருந்து அத்தா பையில் தேங்காய்க்கு அடியில் பாட்டிலை வைத்துக் கொண்டுவருவார். வாடை தெருவுக்குப் போனால் வம்பு. அது போதாதென்று பாலீஷுக்கு ஈரக்காற்று ஆகாது. காய்வதற்குள் மழைக்காற்று பட்டால் தேமல் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். கொல்லங்கோட்டில் மழை பிடித்தால் எப்போது விடும் என்று யாருக்குத் தெரியும்? ஜன்னல் சாத்தியே கிடந்தது.

மம்மதுக்கு இளைப்பு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். மரத்தூளும் ஸ்பிரிட் வாடையும் பெரியவர்களுக்கே கண்ணைக் கரிக்கும், அது பச்சைப்பிள்ளை. வைத்தியர் காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொன்னார். அத்தா தலையை ஆட்டிவிட்டுக் கஷாயத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

போக இடம் இல்லாமல் இல்லை. அத்தாவின் அண்ணன் மொய்து குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். அவர் மனைவி நபீஸா, அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. கடைக்கு ஆள் போதவில்லை, குடும்பத்தோடு வந்துவிடு என்று மாதம் தவறாமல் பெரியத்தா கடிதாசு போடுவார். பெரியம்மா வீட்டுக்குப் பின்னால் பெரிய முற்றமாம், நாள் பூராவும் மலைக்காற்றாம். அம்மா குமுளியைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த முற்றத்தில் எந்த மூலையில் கொய்யா மரம் இருக்கிறது என்றுகூட எங்களுக்குச் சொல்வாள்.

"ஏனுங்க, போயிரலாமுங்க. பையன் நல்லா மூச்சு உடட்டுங்க" என்று ஒருநாள் அத்தாவிடம் அழுதாள்.

"நல்லாப் போற யாவாரத்த எவனாச்சும் இழுத்து மூடுவானா புள்ள?" என்றார் அத்தா. "நம்ம ஊட்டுல இருந்து போன சாமான், ஒண்ணே ஒண்ணு, சரியில்லீன்னு திரும்பி வரட்டும். அன்னிக்கே கடையக் கட்டிப் போட்டுக் குமுளி பஸ் ஏறிர்றேன். அல்லா மேல சத்தியம்."

ஐந்து வருஷத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்ற தைரியத்தில் சொன்னது. யார் புண்ணியத்தில் வரவில்லை என்பது அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அத்தா பொல்லாதவர் இல்லை. சத்தியம் செய்தால் காப்பாற்றுவார். அதை அம்மா மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஆனி மாதம், பெருமாட்டியிலிருந்து மருதாத்தாள் என்ற அம்மாள் வந்தார். பெரிய தென்னந்தோப்புக்காரி, புருஷன் இல்லை, ஒரே மகள். மகளுக்கு ஆவணியில் கல்யாணம், சீர் கொடுக்க நல்ல அலமாரி வேண்டும். கத்திரிக்காய் ஒன்று சொத்தை என்றால் அதை எடுத்துக்கொண்டு சந்தைக்கே திரும்பி நடக்கிற ஆள் அவர் என்று அத்தா உள்ளே வந்து பயந்துபோய்ச் சொன்னார். அம்மா உப்புத்தாளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரத்தில் அத்தா ஓர் அலமாரியோடு வந்தார். ஏதோ தறவாட்டின் கொட்டிலில் புண்ணாக்கு போட்டு வைத்திருந்தார்களாம். கறுத்து, பிசுக்கேறி, ஒரு கால் இல்லாமல் நின்றது. அம்மா விரலை எச்சிலில் தொட்டுக் கதவின் ஓரத்தில் தேய்த்தாள். அழுக்குக்கு அடியில் செங்கறுப்பாக ஒரு வரி ஓடியது. "ஈட்டி மரம்" என்றாள். மறுபடி எச்சில் தொட்டு, இன்னும் கொஞ்சம் தேய்த்து, அந்த வரி எங்கே போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயும் அணைந்துவிட்டது. ஆமினா பசியில் அலறினாள். அம்மா திரும்பவே இல்லை.

ஒரு மாதம் அந்த அலமாரியோடு கிடந்தாள். ஆடி மழை பிடித்தபோது கடைசிப் பூச்சுகள் பாக்கி. அன்று அத்தா நெம்மாறைக்குப் போயிருந்தார், வர மூன்று நாள் ஆகும். அம்மா பூச்சைப் போட்டு முடித்தாள். ஈரம் காயுமுன் நேராகப் போய் ஜன்னலைத் திறந்தாள்.

பலகை ஊறிப்போய் முதலில் திறக்கவில்லை. தோளால் முட்டித் திறந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. தெருவில் ஈ காக்கை இல்லை, அந்த மழையில் யார் வாடை பிடிக்கப் போகிறார்கள்? எதிரே தென்மலை. அதில் அருவிகள் வெள்ளையாக இறங்குவதை அந்த வீட்டுக்குள்ளிருந்து நான் பார்த்தது அன்றுதான். மம்மதுவை மேஜைக்குள்ளிருந்து தூக்கி ஜன்னல் விளிம்பில் உட்காரவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளும் ஜன்னல் திறந்தே இருந்தது. இரண்டாம் நாளே பூனைக்குட்டிச் சத்தம் அடங்கிவிட்டது. எங்களுக்குக் கதை சொன்னாள், தலை பின்னிவிட்டாள். கொய்யா மரத்தில் முதலில் யார் ஏறுவது என்று எனக்கும் ஆமினாவுக்கும் சண்டையே வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அம்மாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அலமாரி பூத்துவிட்டது. இரண்டு கதவிலும் தேமல் படர்ந்தது. அது அவள் வேண்டுமென்றே செய்தது என்று அப்போது எனக்குத் தெரியாது, பிற்பாடு அவளே சொன்னாள். மருதாத்தாள் வீட்டு வெளிச்சத்தில் அது தெரியும், அந்த அம்மாள் சும்மா விடமாட்டார், சாமான் திரும்பி வரும், அத்தா சத்தியத்தைக் காப்பாற்றுவார். இதுதான் கணக்கு. அத்தா வருவதற்குள் அலமாரியை ஜமக்காளத்தால் சுற்றிக் கட்டிவிட்டாள். எங்கள் துணிகளை மடித்து ஒரு மூட்டையாகவும் கட்டி வைத்தாள்.

வண்டி வந்த அன்று மழை விட்டு நல்ல வெயில். மருதாத்தாளும் வந்திருந்தார். அத்தாவும் வண்டிக்காரன் சின்னையனும் அலமாரியைத் தூக்கி ஏற்றினார்கள். ஏற்றும்போது ஜமக்காளம் ஒரு பக்கம் சரிந்தது. அம்மா முன்கதவு இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெயில் அந்தக் கதவுமேல் விழுந்தது.

அம்மா என் கையைப் பிரித்து விட்டாள். அடுத்த நிமிஷம் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். தலையில் துணி இல்லை. நேராக வண்டிக்குப் போய் அலமாரியில் கையை வைத்தாள்.

"எறக்குங்க" என்றாள்.

"புள்ள, உள்ள போ" என்று அத்தா பல்லைக் கடித்தார்.

"எறக்குங்கன்னு சொன்னனுங்க. வெளுத்துப் போயிருக்குது. இத இப்பிடி அனுப்பக் கூடாது."

"எங்க வெளுத்திருக்குது? நல்லாத்தான மின்னுது?" என்றார் அத்தா. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

மருதாத்தாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அலமாரியைப் பார்த்தார், பிறகு அதன்மேல் இருந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தார். "ஏனம்மிணி, இது நீ பண்ணுன வேலையா?"

"ஆமாங்க்கா."

"அட சாமி! ஊரே ராவுத்தர் கை, ராவுத்தர் கைன்னு பேசுது. ஏனுங் ராவுத்தரே, நெசந்தானுங்களா?"

அத்தா சரிந்த ஜமக்காளத்தை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். மருதாத்தாள் சிரித்துவிட்டு, "மொகூர்த்தம் இன்னும் இருவது நாள் இருக்குது. மெல்லப் பண்ணிக் குடு அம்மிணி. இப்பிடித் தானா வந்து குத்தஞ் சொல்ற ஆள நான் பாத்ததே இல்ல" என்றார்.

அலமாரி மறுபடி பின் அறைக்கு வந்தது. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மம்மதுவைத் தூக்கி மேஜைக்குள் விட்டாள்.

"பீவி, ஜன்னலச் சாத்து" என்றாள் என்னிடம்.

"காத்து வரட்டும்மா. தம்பிக்கு…"

"சாத்துன்னா சாத்து."

முக்காலி போட்டு ஏறி நான்தான் சாத்தினேன். ஈரம் இழுக்கட்டும் என்று அறை மூலையில் கரி நெருப்புச் சட்டியும் வைத்தாள். மூட்டையைப் பிரித்து, அதில் என் பழைய பாவாடை ஒன்றைக் கிழித்துப் பாலீஷ் துணியாக எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே மம்மது இளைக்கத் தொடங்கினான். பதினைந்து நாள் இளைத்தான்.

அலமாரி போய்ச் சேர்ந்தது. மருதாத்தாள் சித்தூர் தாலூகா முழுக்கச் சொல்லிவிட்டார். பெண்டுகள் பின்வாசல் வழியாக நேராக அம்மாவிடமே வர ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்த அத்தா, சாமான் வைக்க இடம் போதாமல் போனதும் சரியாகிவிட்டார். இப்போதைக்கு வருவதற்கில்லை என்று குமுளிக்கு எழுதிப் போட்டார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அதே அறை. மம்மதுவை அந்த இளைப்பு இன்றைக்கும் விடவில்லை. பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுவான்.

என் மூத்த பிள்ளைக்கு இளைப்பு வந்தபோது எனக்கு முப்பது வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நீயாத்தான கெடுத்து வெச்ச? வண்டியும் ஏத்தியாச்சு. பேசாம இருந்திருந்தா நாம எல்லாரும் குமுளிக்குப் போயிருப்போமே. மம்மதுவ நெனச்சுப் பாக்கலயாம்மா?"

பழைய வழக்கப்படி 'கல்யாணப் பொண்ணு சாமானாச்சே, பாவம்' என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள்.

"வெயில்ல அந்த வெளுப்பப் பாத்ததும் என் கை வேல இப்பிடியா போறதுன்னு ஆயிப்போச்சு கண்ணு. ஓடிட்டேன். உங்கள யாரையுமே அப்ப எனக்கு நெனப்பே இல்ல. மம்மதுவும் நெனப்பில்ல."

சொல்லிவிட்டுக் காய் நறுக்க ஆரம்பித்தாள். எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.